குளிர்ச்சி தேடிப் போன கலெக்டர் துரை



மலர்க்குழுவிலிருந்து போன் வந்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நம் கல்லூரியில் படித்த நான்கு ஆண்டுகளில் நான் சொந்தமாக எழுதியது என்றால் மெஸ் சாம்பார் பற்றி வார்டனுக்குக் கொடுத்த புகார்க் கடிதம் ஒன்றுதான். அதிலும் நாலு எழுத்துப்பிழை இருந்ததாக வார்டன் காட்டினார். மறைந்த பெரியவர் ஒருவருடைய வாழ்க்கையை எழுதித் தாருங்கள், நாலைந்து பக்கம் போதும் என்றார்கள். விசுவேசுவரய்யாவை ஒருவர் எடுத்துக்கொண்டாராம், பென்னிகுவிக்கை இன்னொருவர். நம்ம ஆட்கள் எதிலும் முந்திக்கொள்வார்கள்! நான் யோசித்துப் பார்த்து ஜான் சல்லிவன் என்றேன். ஊட்டியைக் கண்டுபிடித்தவர்தானே என்று கேட்டார்கள். கண்டுபிடித்தவர் என்று சொல்லலாமா என்பதில் எனக்கு ஒரு தகராறு உண்டு. அது பிறகு வரும்.

ஏன் சல்லிவன் என்று சொல்லிவிடுகிறேன். போன கோடையில் நம் சிவில் பிரிவு வாட்ஸ்அப் குழுவில் ஓடிய பேச்சு பலருக்கு நினைவிருக்கும். வெயில் தாங்க முடியலைப்பா, ஊட்டியில் சென்ட் விலை கேட்டாலே காய்ச்சல் வருது, கல்வராயன் மலையில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு நிலம் வாங்கிப் போட்டால் என்ன என்று ஒருவர் ஆரம்பித்தார். அவ்வளவுதான், இரண்டே நாளில் பிளான் வரைந்து, அறை பங்கிட்டு, யாருக்கு எந்த ஜன்னல் என்பது வரைக்கும் வந்துவிட்டது. முன்பணமும் சேர்ந்தது. எனக்குச் சொந்த ஊர் கச்சிராயபாளையம். கல்வராயன் மலையின் அடிவாரம். வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மலை முழுக்கத் தெரியும். ஆகவே நிலம் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாது. கோமுகி அணை பக்கத்தில் இருக்கிறது, சுற்றிலும் கரும்பு, பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் சித்திரை, வைகாசியில் மதியம் பன்னிரண்டுக்கு மேல் மலைப்பக்கமிருந்து ஒரு அனல் இறங்கும் பாருங்கள், ஆடுமாடு கூட எழுந்திருக்காது. அப்பாவுக்கு எழுபது வயது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடமாகிறது. வெயில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. குளிர்ந்த இடமாகப் பார்த்துக் கோடையைக் கழித்தால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்பாவை நினைத்துத்தான் மலையேறினேன்.

போன இடத்தில் என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இறங்கி வந்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. அப்போதுதான் ஊட்டி சர்வே கேம்ப்பில் பார்த்த ஒரு கல்லறை ஞாபகத்துக்கு வந்தது. கேம்ப் நினைவிருக்கிறதா? கை விறைத்துப்போய் டம்பி லெவலின் ஸ்குரூவைத் திருக முடியாமல் நின்றோமே, அந்த ஊட்டிதான். ஒருநாள் ரீடிங் எடுக்காமல் தப்பித்து நாங்கள் மூன்று பேர் செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் பின்புறத்துக் கல்லறைத் தோட்டத்தில் போய் உட்கார்ந்திருந்தோம். அங்கே ஒரு தாயும் மகளும் புதைக்கப்பட்ட இடம். சல்லிவனின் மனைவி, மகள் என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார். அன்று அது காதில் ஏறவில்லை. இப்போது இரண்டு மாதமாக அந்த மனிதரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜான் சல்லிவன் 1788 ஜூன் 15ஆம் தேதி லண்டனில் பிறந்தவர். 1804ல், பதினைந்து வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியில் ரைட்டர் வேலைக்குச் சேர்ந்தார். ரைட்டர் என்றால் எழுத்தாளர் இல்லை, குமாஸ்தா. நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு டியூஷன் போகிற வயதில் அவர் கப்பலேறி மதராஸ் வந்துவிட்டார். படிப்படியாகத்தான் மேலே போனார். 1807ல் தென்னார்க்காடு மாவட்டத்தில் ரிஜிஸ்டர் வேலை பார்த்திருக்கிறார். எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கமும் வெகுகாலம் தென்னார்க்காட்டில்தான் இருந்தது. அதைப் படித்தபோது, துரை நம்ம ஊர் வெயிலிலும் காய்ந்துதான் போயிருக்கிறார் என்று ஒரு சின்ன திருப்தி. பிறகு மைசூர் ரெசிடென்ட்டிடம் உதவியாளர், 1814ல் செங்கல்பட்டு கலெக்டர், 1815ல் கோயம்புத்தூர் கலெக்டர். அப்போது வயது இருபத்தேழு.

எங்கள் ஊர்க்காரனுக்குக் கோயம்புத்தூரே மலைவாசஸ்தலம் மாதிரிதான். ஆனால் லண்டனில் பிறந்தவனுக்கு அப்படி இருக்குமா? வெயிலைவிடக் காய்ச்சல்தான் அவர்களைக் கொன்றது. 1817ல் வங்காளத்தில் கிளம்பிய காலரா அடுத்த ஆண்டே மதராஸ் மாகாணத்துக்குள் வந்துவிட்டது. காய்ச்சலுக்குக் கொசு காரணம் என்று யாருக்கும் தெரியாத காலம். கெட்ட காற்று என்றார்கள். நல்ல காற்று உள்ள இடம் கிடைத்தால் உயிர் பிழைக்கலாம். ஆக குளிர்ச்சி என்பது அவர்களுக்கு நம் ஏசி மாதிரி சொகுசுச் சமாச்சாரம் கிடையாது. உயிர்ப் பிரச்சினை. இங்கிலாந்துக்குத் திரும்பி உடம்பைத் தேற்றிக்கொண்டு வரலாம் என்றால் ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கப்பலில் பல மாதம் ஆகும். சிலர் போய்ச் சேரவே மாட்டார்கள்.

கோவைக்கு வடக்கே நீலமாக ஒரு மலை தினமும் கண்ணுக்குத் தெரிகிறது. அதன் மேல் என்ன இருக்கிறது என்று கம்பெனிக்காரர்களுக்குச் சரியாகத் தெரியாது. 1603லேயே ஃபெனிசியோ என்ற ஏசுசபைப் பாதிரியார் மலபார் பக்கமிருந்து ஏறிப் போய்த் தோடர்களைப் பார்த்து வந்திருக்கிறார். 1812ல் வில்லியம் கீஸ் என்ற சர்வேயர் ஏறி அறிக்கையும் தந்தார். அறிக்கைகளுக்கு என்ன நடக்கும் என்று அரசு வேலையில் இருக்கும் நண்பர்களைக் கேளுங்கள். அப்படித்தான் அதுவும் ஆச்சு. 1818ல் கலெக்டர் அலுவலகத்து உதவியாளர்கள் விஷ், கின்டர்ஸ்லி என்ற இருவர் மலைக்குப் போய்வந்து, மேலே குளிர்கிறது, பூமி புல்வெளியாகக் கிடக்கிறது என்று சொன்னார்கள். புகையிலை கடத்தியவனைத் துரத்திக்கொண்டு போனார்கள் என்று ஒரு கதை உண்டு.

சல்லிவன் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1819 ஜனவரி 2ஆம் தேதி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு சிறுமுகையிலிருந்து கிளம்பினார். பாதை கிடையாது. காடு, செங்குத்தான பாறை, யானை. இன்று மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் போகிற உயரத்தை ஏற ஆறு நாள் ஆயிற்று. ஜனவரி 8ஆம் தேதி மேலே கொடியை நட்டார்கள். உறைபனி விழுகிற மாதம். கலெக்டருக்கு அப்போது முப்பது வயது. நம்மில் பலரைவிடச் சின்னவர்.

கண்டுபிடித்தவர் என்பதில் எனக்குள்ள தகராறு இங்கேதான். அவர் மேலே போய்ச் சேர்ந்தபோது அங்கே எருமை மேய்த்துக்கொண்டு தோடர்கள் இருந்தார்கள், சட்டிபானையும் இரும்பும் செய்யும் கோத்தர்கள் இருந்தார்கள், விவசாயம் செய்யும் படகர்கள் இருந்தார்கள், சரிவுகளில் இருளரும் குறும்பரும் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் பண்டமாற்று, சடங்கு, உறவு என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்த நாடு அது. அங்கே போன ஒருவரைக் கண்டுபிடித்தவர் என்றால், நான் வெள்ளிமலைக்குப் போய் வந்ததையும் கண்டுபிடிப்பு என்று பதிவு செய்யலாம்.

நம் தொழில் சம்பந்தப்பட்ட ஒரு கணக்கு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். கோவை கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். வித்தியாசம் 1,829 மீட்டர். ஆக ஏறத்தாழ 12 டிகிரி. கீழே 37 என்றால் மேலே 25. இங்கிலாந்தின் நல்ல கோடை நாள் அது. சல்லிவனுக்கு இந்தச் சூத்திரம் தெரிந்திருந்ததோ என்னவோ, தோலுக்குத் தெரிந்தது. பின்னாளில் கவர்னராக வந்த தாமஸ் மன்றோவுக்கு எழுதிய கடிதத்தில் அந்த மலைநாட்டை சுவிட்சர்லாந்தோடு ஒப்பிட்டிருக்கிறார்.

அந்த வருஷமே கோத்தகிரிக்குப் பக்கம் திம்ஹட்டியில் வீடு கட்ட ஆரம்பித்தார். அருகே கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பெத்தக்கல் பங்களா இடிந்து கிடந்தது. 2002ல் அதைப் புதுப்பித்து நினைவு இல்லமாக்கினார்கள். 1819லேயே அவருடன் லெஷெனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியல் அறிஞரும் மலைக்குப் போனார். அந்த மனிதர் புதுச்சேரியில் இருந்தவர், நோயாளி. மேலே போய்ச் சில வாரத்தில் உடம்பு தேறிவிட்டது. இந்தச் செய்தி மதராஸுக்குப் பரவியது. அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? சீக்காளிகளின் பார்வை எல்லாம் நீலகிரி மேல் திரும்பியது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் வரை மெக்பெர்சன் என்ற லெப்டினன்ட் மேற்பார்வையில் பாதை வெட்டி 1823ல் முடித்தார்கள். குதிரை போகிற பாதைதான். ஆனால் ஒருமுறை பாதை வந்துவிட்டால் அதை மறுபடி மூட முடியாது. இது ரோடு காண்ட்ராக்ட் எடுத்த எனக்கு நன்றாகத் தெரியும்.

1820ல் சல்லிவனுக்கும் ஹென்ரியெட்டாவுக்கும் கல்யாணம். நீலகிரிக்கு முதலில் ஏறிய ஐரோப்பியப் பெண்மணி அந்த அம்மையார்தான். கோத்தகிரியைவிட உயரமான, இன்னும் குளிர்ந்த ஒரு பள்ளத்தாக்கு உண்டு என்று தெரிந்ததும் சல்லிவன் மேற்கே நகர்ந்தார். தோடர்களின் மந்து ஒன்று இருந்த இடம். அந்த மந்தின் பெயரே உதகமண்டலம் ஆயிற்று என்பார்கள். அங்கே தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கி, 1822ல் கல் வீடு கட்ட ஆரம்பித்தார். மலைமக்கள் அதைக் கல் பங்களா என்றே கூப்பிட்டார்கள். இப்போது ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. சர்வே கேம்ப்பின்போது கேட் வரை போய்த் திரும்பினோமே, அதுதான்.

ஏக்கர் ஒரு ரூபாய்! வாட்ஸ்அப் குழுவில் போட்டால் உடனே நாலு பேர் ஐயோ என்று கண்ணீர் பொம்மை அனுப்புவார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் வேறொன்று உறைத்தது. கலெக்டர் துரை நினைத்திருந்தால் அந்த ஒரு ரூபாயும் கொடுத்திருக்க வேண்டாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் கொடுத்தார் என்பதில் ஒரு அர்த்தம் இருக்கிறது. நிலம் தோடர்களுடையது என்று அவர் ஒப்புக்கொள்கிறார் என்பதுதான் அது. அதே நேரம் அந்த விலையில் அவர் வளைத்த நிலம் கொஞ்சநஞ்சமில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் அந்த மனிதரை எடைபோட வேண்டியிருக்கிறது. எனக்கு இன்னும் முள் நடுவில் நிற்கவில்லை.

வேலைக்காரர் என்பதில் மட்டும் சந்தேகமே வேண்டாம். ஜான்ஸ்டன் என்ற தோட்டக்காரரை வைத்து இங்கிலாந்து விதைகளைப் போட்டுப் பார்த்தார். உருளைக்கிழங்கு, பார்லி, முட்டைக்கோஸ், பழமரங்கள் என்று தோட்டம் வளர்ந்தது. படகர்கள் உருளைக்கிழங்கைப் பிடித்துக்கொண்டார்கள். நம் மெஸ்ஸில் வாரம் ஐந்து நாள் போட்ட உருளைக்கிழங்குக் கூட்டுக்குப் பூர்வீகம் தேடினால் அது சல்லிவன் வாசலில் போய் நிற்கலாம். வார்டன் மன்னிக்க.

பிறகு அந்த ஏரி. 1823லிருந்து 1825க்குள், பள்ளத்தாக்கில் இறங்கும் ஓடைகளுக்குக் குறுக்கே கரை போட்டு ஊட்டி ஏரியை உண்டாக்கினார். படகு விடுவதற்கு என்று நினைக்காதீர்கள், பாசனத்துக்கு என்று திட்டம். மலைமேல் தண்ணீரைத் தேக்கி சமவெளிக்கு அனுப்பலாம் என்று ஒரு வருவாய்த்துறை ஆள் யோசித்திருக்கிறார். பாசனம் ஒன்றும் பெரிதாக நடந்ததாகத் தெரியவில்லை, ஏரி நின்றுவிட்டது. இன்று நாம் பார்க்கும் ஏரி முதலில் இருந்ததில் ஒரு பகுதிதான். பஸ் ஸ்டாண்ட் இருக்கும் இடமும் குதிரைப் பந்தய மைதானமாக இருந்த இடமும் ஒருகாலத்தில் ஏரித் தண்ணீர். மழைக்காலத்தில் அந்த மைதானத்தில் தண்ணீர் நின்றால் ஆச்சரியப்படுகிறவர்கள் காண்டூர் மேப்பை ஒருமுறை பார்க்கலாம். ஏரி தன் அளவை மறக்காது.

1826 செப்டம்பரில் கவர்னர் மன்றோவே ஊட்டிக்கு வந்து சல்லிவன் வீட்டில் தங்கினார். அதுதான் அவர் வாழ்க்கையின் உச்சம் என்று எனக்குத் தோன்றுகிறது. முப்பத்தெட்டு வயது. பாதை, வீடு, ஏரி, தோட்டம், குடும்பம், மேலிடத்தில் ஆதரவு என்று எல்லாம் கையில்.

அடுத்த வருஷம் ஜூலையில் மன்றோ காலராவில் இறந்துபோனார். அக்டோபரில் லஷிங்டன் கவர்னராக வந்தார். அவருக்கும் ஊட்டி பிடித்துவிட்டது. ரொம்பவே பிடித்துவிட்டது! நோய்வாய்ப்பட்ட ராணுவத்தினருக்கான ஆரோக்கிய நிலையம், அதற்கு ராணுவ நிர்வாகம் என்று ஏற்பாடு. 1828ல் மேஜர் கெல்சோ என்பவரை நீலகிரிக்கு அதிகாரியாகப் போட்டார்கள். தன் மாவட்டத்து மலையில், தான் உண்டாக்கிய ஊரில், கலெக்டருக்கு அதிகாரம் இல்லாமல் போயிற்று. கட்டி முடித்த பிறகு சைட்டிலிருந்து மாற்றப்பட்ட இன்ஜினியர்கள் நம்மிலேயே எத்தனை பேர்! அந்த வயிற்றெரிச்சல் நமக்குப் புரியும்.

ஆனால் சண்டை அதிகாரத்துக்காக மட்டும் நடந்திருந்தால் நான் அவரைப் பற்றி எழுதியிருக்க மாட்டேன். நிலம் யாருடையது என்பதில்தான் முட்டிக்கொண்டது. ராணுவத்துக்கும் வீடுகளுக்கும் மளமளவென்று நிலம் எடுத்தார்கள். தோடர்கள்தான் இந்த மண்ணுக்கு முழு உரிமையாளர்கள், அவர்களுடைய சம்மதமும் ஈடும் இல்லாமல் ஒரு அடி எடுக்கக் கூடாது என்பது சல்லிவன் கட்சி. எழுதி எழுதி அனுப்பினார். மாடு மேய்ப்பவனுக்கு மேய்ச்சல் பாத்தியதை உண்டு, மண் சர்க்காருடையது என்பது லஷிங்டன் தரப்பு. இதில் சல்லிவனின் கையும் சுத்தமாக இல்லை என்று எதிர்க்கட்சி சொல்ல வசதியாகப் போயிற்று. மலையிலேயே பெரிய நிலக்காரர் அவர்தானே. தோடர் உரிமை நின்றால் அவர் வாங்கியதும் நிற்கும். அவர் பேசியது மனசாட்சியா, சொத்தா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். சொத்து இருப்பவன் பேசுவதால் நியாயம் பொய்யாகிவிடாது. ஆனால் கேட்பவன் காதில் அது பாதிதான் ஏறும்.

1830ல் ஊட்டி உள்ளிட்ட மேற்குப் பகுதியைக் கோவை மாவட்டத்திலிருந்தே பிரித்து மலபாரோடு சேர்த்துவிட்டார்கள். அந்த வருஷம் சல்லிவன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

திரும்பி வந்தார். 1835ல் மதராஸ் ரெவின்யூ போர்டில் மூத்த உறுப்பினர் பதவி. பெரிய பதவிதான். குடும்பத்தின் மனசு மட்டும் ஊட்டியில் இருந்தது. உடம்புக்கு நல்லது என்று ஊரையெல்லாம் அழைத்த அந்தக் குளிர்ந்த மலையில்தான் 1838ல் மனைவி ஹென்ரியெட்டாவும் மகள் ஹேரியட்டும் இறந்துபோனார்கள். செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச் தோட்டத்தில் புதைத்தார்கள். அந்த சர்ச்சுக்கு 1829ல் அடிக்கல் போட்டது யார் தெரியுமா? லஷிங்டன். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையைப் பிரித்து எடுத்த மரத்தூண்களை மலையேற்றி அதில் நிறுத்தினார்கள். தன்னை அந்த மலையிலிருந்து ஒதுக்கியவர் கட்டிய கோயிலின் நிழலில் சல்லிவன் தன் வீட்டாரை விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. அங்கேதான் நாங்கள் மூன்று பேர் வேர்க்கடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

1841ல் வேலையை ராஜினாமா செய்துவிட்டு நிரந்தரமாக இங்கிலாந்து போய்விட்டார். நிலப் பிரச்சினைக்கு முடிவு அதற்குப் பிறகுதான் வந்தது. 1843ல் ஊட்டி மறுபடி கோவையோடு சேர்ந்தது. அதே ஆண்டு, தோடர்களுக்கு மேய்ச்சல் பாத்தியதைதான் உண்டு, முழு உரிமை கிடையாது என்று கம்பெனி இயக்குநர்கள் முடிவு சொன்னார்கள். ஊர் அவர் மாவட்டத்துக்குத் திரும்பியது, அவர் பேசிய கட்சி தோற்றது.

ரிட்டயர் ஆனவர் தோட்டம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். இவர் அங்கேயும் சும்மா இருக்கவில்லை. கம்பெனிப் பங்குதாரர்கள் கூட்டங்களில் எழுந்து, சதாரா ராஜாவின் நாட்டைப் பறித்தது தவறு என்று பேசினார். இந்திய மன்னர்களோடு செய்த உடன்படிக்கைகளைக் கம்பெனி மதிக்க வேண்டும் என்று 1853ல் புத்தகங்கள் எழுதினார். தோடர் விஷயத்தில் பேசிய அதே வழக்குதான், ஆள் பெரியவன், இடம் பெரியது, அவ்வளவே. அங்கேயும் யாரும் கேட்கவில்லை. 1855 ஜனவரி 16ஆம் தேதி, அறுபத்தாறு வயதில் காலமானார். லண்டனுக்கு மேற்கே அப்டன் என்ற இடத்துச் செயின்ட் லாரன்ஸ் சர்ச்சில் அடக்கம். யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த ஹெர்ஷலும் அங்கேதான் உறங்குகிறார். சல்லிவனின் கல்லறையையோ வெகுகாலம் எல்லோரும் மறந்துவிட்டார்கள். நீலகிரிக்காரர்கள் தேடிப் போய்த்தான் கண்டுபிடித்தார்கள்.

அவர் தொடங்கிவைத்த ஊர் நிற்கவில்லை. 1870லிருந்து மதராஸ் அரசாங்கமே கோடைக்கு அங்கே குடிபெயர்ந்தது. 1899ல் குன்னூர் வரைக்கும், 1908ல் ஊட்டி வரைக்கும் ரயில் ஏறியது. 2022ல் ஊட்டியின் 200ஆம் ஆண்டு விழாவில் முதலமைச்சர் அவருடைய மார்பளவுச் சிலையைத் திறந்துவைத்தார். 2024 மே 7 முதல், கூட்டம் தாங்காமல், ஊட்டிக்குப் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. ஆறு நாள் நடந்து ஏறியவர் இதைக் கேட்டால் என்ன நினைப்பாரோ.

நம்ம பக்கத்துக்கும் இந்தக் காய்ச்சல் வந்தது. சேலம் கலெக்டராக 1820களில் இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காபியும் பழமரங்களும் வைத்தார், பிறகு அவரும் கோத்தகிரியில் போய் வீடு கட்டிக்கொண்டார். சேர்வராயனுக்கு வந்தவர்கள் அதற்குக் கிழக்கே இருக்கும் கல்வராயனை ஏனோ பெரிதாகச் சீண்டவில்லை. 2,000 அடியிலிருந்து 4,000 அடி வரைதான் உயரம். வெள்ளைக்காரனுக்கு அந்தக் குளிர் போதவில்லை என்று நினைக்கிறேன். மேலே மூன்று ஜாகிர்தார்களின் கீழ் மலையாளி மக்கள் வாழ்ந்தார்கள் (கேரளத்து மலையாளி இல்லை, மலையை ஆள்கிற தமிழ் பேசும் பழங்குடி). 1976ல்தான் ஜாகிர் ஒழிந்தது.

இனி நான் பார்க்கப் போன நிலம். புரோக்கர் காட்டிய இடம் அருமையான இடம். 3,000 அடி இருக்கும். என் கணக்குப்படி எங்கள் ஊரைவிட நாலரை டிகிரி குறைவு. கடுக்காய் மரம் ஒன்று நடுவில், அதன்கீழ் நின்றாலே நெஞ்சு லேசாகிறது. அப்பாவுக்கு இங்கே ஒரு சாய்வு நாற்காலி போடலாம் என்று மனசுக்குள் போட்டும் விட்டேன். கீழ்ப்பக்கம் ஒரு பெரியவர் சாமைக் கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்தார். வாங்க தம்பி என்று கூப்பிட்டு மோர் கொடுத்தார். பேசப் பேசத்தான் தெரிந்தது, நாங்கள் விலை பேசுகிற இடத்தை அவருடைய தாத்தா காலத்திலிருந்து அவர்கள்தான் உழுகிறார்கள். பட்டா இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். எங்களுக்கெல்லாம் எங்கே தம்பி என்று சிரித்தார். திரும்பும் வழியில் புரோக்கரிடம் கேட்டால், அதெல்லாம் நீங்க கவலைப்படாதீங்க சார், பேப்பர் நாங்க ரெடி பண்ணிடுவோம் என்கிறார். அந்தப் பெரியவருக்கு என்ன கொடுப்பீர்கள் என்றேன். ஏதாவது கொடுத்து அனுப்பலாம் என்றார்.

அன்று ராத்திரிதான் அந்த ஒரு ரூபாய் ஞாபகம்.

குழுவில் இதை எழுதிப் போட்டேன். நாலு பேர் நான் சொன்னது சரி என்றார்கள். மூன்று பேர், நாம வாங்கலைன்னா வேற எவனாவது வாங்குவான் என்றார்கள். மற்றவர்கள் கைகூப்புகிற பொம்மை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். அப்பாவிடம் சொன்னபோது, அந்தப் பெரியவருக்கு என்ன வயசிருக்கும் என்று மட்டும் கேட்டார். என் வயசுதான் இருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டு செய்தித்தாளை எடுத்தார். மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கோட் அடித்து, மேலே தென்னங்கீற்று வேய்ந்திருக்கிறேன். உள்ளே இரண்டரை டிகிரி குறைந்திருக்கிறது, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாயிற்று. மீதி இரண்டு டிகிரிக்கு வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.

பன்னிரண்டு பேர் முன்பணம் இன்னும் என் வங்கிக் கணக்கில்தான் இருக்கிறது. சந்திப்பு நாளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் சிவில் பிளாக் வேப்பமரத்தடிக்கு எல்லோரும் வந்துவிடுங்கள். பாஸ்புக்கும், அந்த நிலத்தின் போட்டோவும் கொண்டு வருகிறேன். போட்டோவில் பெரியவரும் இருக்கிறார்.